பட்டறை நோட்டில் நான் எழுதாத வரி

சரவணா,

இதை நின்றுகொண்டே படிக்காதே. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படி. பள்ளிக்கூடத்து மார்க் ஷீட்டிலிருந்து உன் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் எல்லாவற்றையும் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் படித்தவன் நீ. அந்த அவசரம் இதற்கு ஆகாது. மூன்று நாளாக, மதியம் உன் அப்பா சாப்பிட்டுக் கண்ணயர்ந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் முதலில் உன் கைக்கு வரும். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை நம் கடைசல் சங்கத்துக் கொட்டகையில், விதிகளை எழுதி ஒட்டியிருக்கும் பலகையிலேயே இதையும் ஒட்டப்போகிறேன். நம் வீட்டு விஷயத்தை மற்றவர்கள் எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்பாய். முழுக்கப் படித்தால் உனக்கே தெரியும். கோபம் வரும். வரட்டும், கடைசி வரி வரை படித்துவிட்டுக் கோபப்படு.

போன வெள்ளிக்கிழமை பெருமுக்கல்லிலிருந்து நித்யாவும் அவள் அப்பா அம்மாவும் வந்திருந்தார்களே, அங்கிருந்து தொடங்குகிறேன். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. நிச்சயம் முடிந்து மாதக்கணக்காகியும் உன் இடது கை ஆள்காட்டி விரலைப் பற்றி அந்த வீட்டிலிருந்து யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நல்ல மனிதர்கள், கேட்கக் கூச்சப்பட்டிருப்பார்கள். அன்றைக்கு நீ காபித் தம்ளரை நீட்டும்போது நித்யாதான் மெல்லக் கேட்டாள், இப்பவும் வலிக்குமா என்று. நீ சிரித்தாய். இரண்டு கணு போய்க் கட்டையாக நிற்கும் அந்த விரலைத் தூக்கிக் காட்டிச் சொன்னாய்.

"வலியெல்லாம் இல்ல. என் கொழுப்புதான் இது. விரல்ல துணியக் கட்டிக்கிட்டு லேத்துகிட்ட போனேன். அன்னிக்கு அம்மா மட்டும் ஸ்விட்ச அணைக்கலன்னா கையே போயிருக்கும்."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பி என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அவள் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் என்ன சொன்னேன்? காபி ஆறுகிறது, குடி என்றேன். ஆறு வருஷமாக இப்படித்தான் எதையாவது சொல்லி மழுப்பிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் புறப்பட்டுப் போன பிறகு தம்ளர்களைக் கழுவும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. மறுநாள் ஒரு குயர் பேப்பர் வாங்கி வரச் சொன்னேன்.

பலகையில் படிக்கிறவர்களில் புதிதாகச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் முன்கதை. உனக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள். மரக்காணத்தில் ஐப்பசி பிறந்தால் உப்பளத்துக்காரர்களுக்கு வேலை கிடையாது. பாத்தியெல்லாம் மழைத்தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். தை பிறந்து தண்ணீர் வற்றிப் பாத்தியை மிதித்துச் சீர் செய்கிற வரைக்கும் சும்மா உட்கார்ந்து ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருப்போம். அப்படி ஒரு மழைக்காலத்தில்தான், துபாயில் ஃபர்னிச்சர் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்து ஊரில் ஹார்டுவேர் கடை வைத்த பாஷா பாய், பெரிய முதலியார்சாவடிப் பக்கம் மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து பழைய மரக்கடைசல் லேத் ஒன்றை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். நம்முடைய உப்புக் கொட்டகை காலியாகத்தானே இருக்கிறது, அதில் இறக்கட்டுமா என்று கேட்டார். இறக்கினார். வேடிக்கை பார்க்கப் போன நான் முதல் நாளே ஒரு மத்து கடைந்துகொண்டு வந்தேன். கோணல் மத்துதான், ஆனால் இன்றைக்கும் நம் வீட்டுக் கீரைக்கு அதுதான். உன்னையும் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். ஒரே மாதத்தில் என்னை ஓரம் கட்டிவிட்டாய்.

இப்போது ஒன்பது பேர் இருக்கிறோம். ஞாயிறு காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை. புயலில் விழுந்த பூவரசும் வேம்பும் எங்கே கிடக்கிறது என்று விசாரித்து வண்டியில் ஏற்றி வருவது, அறுத்து, வெடிக்காமல் இருக்க முனைகளில் மெழுகு தடவிக் காய வைப்பது, பூரிக்கட்டையோ பம்பரமோ கட்டில் காலோ அவரவருக்கு வந்ததைக் கடைவது, வேலை முடிந்ததும் இந்த உப்புக் காற்றில் துரு ஏறாமல் இரும்பு முழுக்க எண்ணெய் போட்டுத் துடைப்பது, இதுதான் சங்கம். யாருக்காவது கல்யாணம் என்றால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். தாம்பூலத் தட்டில் வைக்கிற குங்குமச் சிமிழை, மணமகனோ மணமகளோ, அவரவர் கையால் கடைய வேண்டும். பாயின் மகள் தன் நிக்காஹ்வுக்குக் கண்ணுக்கு இடுகிற சுர்மா வைக்க ஒரு டப்பி கடைந்தாள், மூடி திறக்கும்போது 'டப்' என்று சத்தம் வரும் அளவுக்கு அத்தனை கச்சிதம். சங்கத்துக்கு நான் செயலாளர். தேர்தலெல்லாம் நடக்கவில்லை, யாருக்குக் குரல் பெரிதோ அவர்தான் செயலாளர் என்று பாய் சொல்லிவிட்டார்.

விதிகளை எழுதியவளும் நான்தான். ஒவ்வொன்றும் சரியான விதி, இன்றைக்கும் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன். முந்தானை, துப்பட்டா, தோளில் தொங்கும் துண்டு எல்லாம் வாசலோடு சரி. அளத்தில் வெயிலுக்காகப் புடவைக்கு மேலே போடுகிற ஆம்பளைச் சட்டைதான் எனக்குக் கொட்டகையிலும், ஆனால் கையை முழங்கைக்கு மேலே மடித்திருக்க வேண்டும். வளையல், மோதிரம் கூடாது. கோயிலில் கட்டிய கயிறாக இருந்தாலும் மணிக்கட்டில் இருக்கக் கூடாது. அதற்காக என்னோடு சண்டை போட்டுக்கொண்டு போன ஒருவர், அடுத்த மாதம் கயிற்றைப் புஜத்துக்கு ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார். கட்டையை மாட்டியதும், ஸ்விட்ச் போடும் முன்னால், எங்கேயாவது இடிக்கிறதா என்று கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். முதலில் மெதுவான வேகம். கட்டைக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும். பாலிஷ் போடத் துணி கூடாது, பேப்பர்தான். பேப்பர் மாட்டினால் கிழிந்துகொண்டு போய்விடும். துணி கிழியாது, விரலையும் கூட்டிக்கொண்டு போகும். இதையெல்லாம் கல்யாணத்துக்கும் சேர்த்துச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, லேத்துக்கு மட்டும்தான் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது, காவல். நம் லேத்தின் சொந்த ஸ்விட்ச் சுழலும் கட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, கை மாட்டிக்கொண்டவனுக்கு எட்டாது. அதனால் யார் கடைந்தாலும், சுவரில் இருக்கும் மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் ஒருவர் நின்றே ஆக வேண்டும். கடைகிறவரின் இரண்டு கையையும் புரட்டிப் பார்த்த பிறகுதான் தொடங்க விட வேண்டும். போன் கூடாது, டீ கூடாது, அரட்டை கூடாது. இடத்தை விட்டு நகர வேண்டுமென்றால் ஸ்விட்சை அணைத்துவிட்டு நகர வேண்டும். அன்றைய நோட்டில் 'காவல்' என்ற இடத்தில் கையெழுத்தும் போட வேண்டும்.

இனி இந்தக் கடற்கரைக்காரர்களின் வியாதிக்கு வருகிறேன். வெயில் காலத்தில் மேற்கே கறுத்து, காற்றில் ஈர வாசனை வந்துவிட்டால் போதும், எங்களுக்குக் கால் தானாக அம்பாரத்துக்கு ஓடும். பாடுபட்டு வாரிக் குவித்த உப்பு அது. மூடாமல் கிடந்தால் ஒரு பெரிய மழையில் கரைந்து வாய்க்காலோடு போய்விடும். என் கல்யாணத்திலேயே இது நடந்தது. தாலி ஏறி, முதல் பந்தி உட்கார்ந்த நேரத்தில் மேகம் திரண்டது. உன் தாத்தா பட்டுவேட்டியோடு மேடையிலிருந்து இறங்கி ஓடினார், பந்தியில் பாதிப் பேர் சோற்றுக் கையோடு அவர் பின்னால் ஓடினார்கள். பாயசம் ஊற்ற வந்தவர் ஆளில்லாத இலைகளைப் பார்த்துத் திகைத்து நின்றார். கடலை விட்டுத் தள்ளி மேற்கே விவசாயம் பார்க்கிற என் பிறந்த வீட்டுக்காரர்கள் இதென்ன குடும்பம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் நானே அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஓடியவள். இதை வைத்து நம் வீட்டில் எத்தனை தரம் சிரித்திருக்கிறோம், உனக்கே தெரியும்.

நீ அடிபட்டது சித்திரை மாதம். அந்த வாரம் முழுக்க லீவு போட்டுவிட்டு என்னோடு உப்பு வாரினாய். உன்னுடையது ஏ.சி. மெக்கானிக் கை, எங்கள் கை மாதிரி காய்ப்புக் காய்த்ததில்லை, உப்புத் தண்ணீரில் விரலெல்லாம் வெடித்துவிட்டது. ஞாயிறு காலை, பழைய புடவையை நாடா மாதிரி கிழித்து, தேங்காயெண்ணெய் தடவி, உன் ஆள்காட்டி விரலில் சுற்றிக் கட்டிவிட்டது நான். அளத்தில் எல்லோரும் செய்கிற வைத்தியம்தான். துணியைக் கட்டிக்கொண்டு போனேன் என்று நீ ஊரெல்லாம் சொல்கிறாயே தவிர, கட்டிவிட்டது யார் என்று ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. வேண்டுமென்றே சொல்லாமல் விட்டாய் என்று எனக்குத் தெரியும்.

உப்பு வாரும் பருவம், அதனால் கொட்டகைக்கு அன்று மூன்று பேர்தான் வந்தோம். நீ, பாய், நான். காவல் என்னுடையது. பாய் கொல்லைப் பக்கம் புதுக் கட்டைகளுக்கு மெழுகு தடவப் போய்விட்டார். உன்னை நான் கையைக் காட்டச் சொல்லவில்லை. வேறு யாராவது என்றால் இரண்டு கையையும் புரட்டிப் பார்த்து, அந்தத் துணியை அவிழ்க்க வைத்து, நாலு திட்டும் திட்டியிருப்பேன். நானே கட்டிய துணி எனக்கு ஆபத்தாகத் தெரியவில்லை. நீ ஒரு வேப்பமரக் கிண்ணத்தைக் கடைந்து முடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாய். தூள் தெறிக்காமல் முகத்தில் மூடி போட்டிருந்தாய், என் பக்கம் உன் முதுகு. அப்போது காற்று திரும்பியது, ஈர வாசனை வந்தது. வாசலில் எட்டிப் பார்த்தேன், மேற்கே கன்னங்கரேல் என்று இருந்தது. உன் அப்பா திண்டிவனம் போயிருந்தார். ஒரு வாரத்து உப்பும் திறந்து கிடந்தது.

ஓடிவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை, பாயைக் கூப்பிடவில்லை. ஸ்விட்ச் என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது, அணைத்துவிட்டு ஓட ஒரு செகண்டு ஆகியிருக்குமா? அதுகூடத் தோன்றவில்லை. நீ அலறியபோது நான் அங்கே இல்லை, சரவணா. ஸ்விட்சை அணைத்தது நான் இல்லை. உன் சத்தம் கேட்டுக் கொல்லையிலிருந்து ஓடிவந்து அணைத்தவர் பாஷா பாய். அதற்குள் நீ மயங்கிச் சரிந்துவிட்டாயாம். அவர் என்னைக் கூப்பிட்டுக் கத்தியதுதான் என் காதில் விழுந்தது. தார்ப்பாயின் கடைசி மூலையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் திரும்பினேன். மழையும் வரவில்லை. நாலு தூறல் போட்டுவிட்டு மேகம் கீழ்புத்துப்பட்டுப் பக்கம் போய்விட்டது.

பாயின் வேனில் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். உன் கையைத் துண்டில் சுற்றி மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே நீ சொன்னாய், "நல்லவேளம்மா, நீ அணைச்சிட்ட." அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். பேசாதே, கையை இறக்காதே என்றேன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பாய் கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார், பிறகு ரோட்டைப் பார்த்தார். மூன்று நாள் கழித்துக் கொட்டகைக்குப் போய் நோட்டை எடுத்தேன். 'காரணம்' என்ற இடத்தில், கடைந்தவரின் அஜாக்கிரதை, விரலில் துணி என்று எழுதினேன். 'காவல்' என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பாய் வாங்கிப் படித்தார்.

"ஏம்மா, நோட்ல ஒரு வரி கொறையுதே" என்றார்.

பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், இப்போது வரி எண்ணிக்கொண்டிருக்கிறீர்களா என்று எரிந்து விழுந்தேன். அவர் நோட்டை மூடி அலமாரியில் வைத்தார். அதன் பிறகு கேட்கவே இல்லை. அம்மா காப்பாற்றினாள், அம்மா காப்பாற்றினாள் என்று நீ சொல்லும்போதெல்லாம், உன்னை உண்மையில் காப்பாற்றிய மனிதர் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு நீ ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. அது உன் தப்பில்லை, என் தப்பு.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. சங்கத்தில் புதிதாக யார் சேர்ந்தாலும் உன்னைக் கூப்பிட்டு, உன் இடது கையைப் பிடித்துத் தூக்கி, விதியை மதிக்காவிட்டால் இதுதான் கதி என்று காட்டுவேன். நீயும் நல்ல பிள்ளையாகச் சிரித்துக்கொண்டு நிற்பாய். பெற்ற பிள்ளையின் விரலைக் கரும்பலகை மாதிரி வைத்துக்கொண்டு பாடம் நடத்தியிருக்கிறேன். இதைப் படிக்கிற அந்தப் புது ஆட்கள் எல்லோருக்கும் சொல்கிறேன், அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டியது என் கையை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். பயம்தான், வேறென்ன. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாயோ என்ற பயம். கூடவே எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் அங்கேயே நின்றிருந்தாலும் துணி மாட்டியது மாட்டியதுதானே, யாரால் என்ன செய்திருக்க முடியும் என்று. அதையும் ஒரு நாள் சோதித்துப் பார்த்துவிட்டேன். யாரும் இல்லாத ஒரு நாள் கொட்டகைக்குப் போனேன். தனியாக லேத்தை ஓட்டக் கூடாது என்பதும் என் விதிதான், அதையும் மீறினேன் என்று இங்கே எழுதிவிடுகிறேன். ஒரு முருங்கைக்காயில் அதே மாதிரித் துணியைச் சுற்றி, உளி வைக்கிற தாங்கியில் கட்டி, துணியின் முனை கட்டையில் மாட்டும்படி விட்டுவிட்டு ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்றேன். மாட்டிய உடனே அணைத்தேன். காய் கொஞ்சம் தோலுரிந்து நசுங்கியிருந்தது, அவ்வளவுதான். இன்னொரு காயைக் கட்டி, கொல்லையிலிருந்து ஓடிவரும் நேரத்துக்கு எட்டு எண்ணிவிட்டு அணைத்தேன். அந்தக் காயைப் பெருக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து முருங்கைக்காய் சாம்பார் எனக்கு இறங்குவதில்லை. வயசாகிவிட்டது, பல் தாங்கவில்லை என்று உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

கடிதம் எழுத உட்காரும் முன் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும். தெறந்து போட்டுட்டுப் போன அம்பாரம், சாயங்காலம் வந்து பாத்தா நாலு மூலையும் கட்டி இருக்குது. நீ கட்டாம வேற யாரு கட்டுவா?"

அப்புறம் ஏன் ஆறு வருஷமாக ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கேட்டேன். நீயாகச் சொல்வாய் என்று பார்த்தேன் என்றார். மோர் கேட்டார், ஊற்றினேன். எனக்கு அழுகை வந்தது, அவர் பார்க்காத மாதிரி சாப்பிட்டு எழுந்தார். பார்த்தாயா, எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், பாய்க்குத் தெரியும். தெரியாமல் பழியைச் சுமந்தவன் நீ ஒருவன்தான். அதனால் உனக்கும் நித்யாவுக்கும் என் புத்திமதி ஒன்றே ஒன்று. வண்டியை இடித்தாலும் சரி, வாக்கை மறந்தாலும் சரி, அன்றைய தப்பை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஒரு நாள் தள்ளினால் இரண்டாம் நாள் இன்னும் கஷ்டம். என்றைக்காவது அவள் காபி ஆறுகிறது என்று பேச்சை மாற்றினால் விட்டுவிடாதே, உட்கார்ந்து கேள். இந்த வீட்டில் யாராவது அப்படி உட்கார்ந்து கேட்டிருந்தால் நான் என்றைக்கோ சொல்லியிருப்பேன்.

இனி உன் விஷயம். ஆறு வருஷமாக நீ உளியைத் தொடவில்லை. ஒரு ஞாயிறு தவறாமல் வருகிறாய், காவலுக்கு மட்டும் நிற்கிறாய். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்கிறாய். உனக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? பூவரசு உரியும்போது அந்தச் சுருளைக் கையில் ஏந்தி மூக்கருகே கொண்டு போவாயே, அவன் எங்கே போனான்? அஜாக்கிரதையானவன் என்று நான் நோட்டில் எழுதியதை நீ நம்பிவிட்டாய். அதற்குத் தண்டனையாக உன்னை நீயே சுவரோரம் நிறுத்திவைத்திருக்கிறாய். போன வாரம் பாய் என்னிடம் வந்தார், உன் கல்யாணச் சிமிழைக் கடைந்து தரச் சொல்லி நீ அவரிடம் கேட்டாயாம். நம் வீட்டுப் பூவரசு புயலில் சாய்ந்தபோது, விபத்துக்கு முந்தின வருஷம், நீயே அறுத்து மெழுகு தடவி, 'என் கல்யாணத்துக்கு, யாரும் தொடக் கூடாது' என்று மார்க்கரால் எழுதி வைத்தாயே, அந்தக் கட்டையைக் கொடுத்தாயாம்.

"புள்ள கேக்குறான், செஞ்சித் தந்துடுவேன். ஆனா இது என் கையில கடைய வேண்டிய கட்ட இல்லம்மா" என்று சொல்லி அதை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

கட்டை இப்போது உன் மேஜை மேல் இருக்கிறது, பார். வெடிப்பு இல்லை, நன்றாகக் காய்ந்திருக்கிறது. நேற்று நான் பாயை அழைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். நோட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து, கடைந்தவரின் அஜாக்கிரதை என்பதை அடித்தேன். அதற்குக் கீழே எழுதினேன்: விரலில் துணி கட்டிவிட்டது காவலில் இருந்தவர். கையைப் பார்க்காமல் தொடங்க விட்டதும் அவரே. ஸ்விட்சை அணைக்காமல் அம்பாரத்தை மூட ஓடிவிட்டார். அணைத்தவர் பாஷா பாய். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். இப்போது சரியாக இருக்கிறது என்று சொல்லிக் கீழே கையெழுத்துப் போட்டார். செயலாளராக நான் இருக்கலாமா கூடாதா என்பதை ஞாயிற்றுக்கிழமை சங்கம் முடிவு செய்யட்டும். திங்கட்கிழமை பெருமுக்கல் போய் நித்யாவிடமும் அவள் அம்மாவிடமும் நானே சொல்கிறேன். அதை நீ செய்ய வேண்டாம், என் வாயால்தான் அவர்கள் கேட்க வேண்டும்.

விதிகளின் கடைசியில் ஒன்று சேர்த்திருக்கிறேன். கடைகிறவர் தொடங்கும் முன்னால் ஒரு தரம் திரும்பி, காவலுக்கு ஆள் நிற்கிறாரா என்று தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மாவாக இருந்தாலும் பார்க்க வேண்டும்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு உன் கட்டையை எடுத்துக்கொண்டு வா. இரண்டு கையையும் காட்டச் சொல்வேன், புரட்டிப் பார்ப்பேன். ஆறு வருஷம் ஆகிவிட்டது, கை தடுமாறும், அதனால் முதலில் ஒரு வேப்பங்கட்டையில் பழகிக்கொள், பூவரசை அப்புறம் தொடு. குறைந்த விரலுக்கு ஏற்ற மாதிரி உளியைப் பிடிக்கப் பாய் ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறார். கோபத்தில் நீ வராமலும் இருக்கலாம், அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. வந்தாலும் வராவிட்டாலும் ஏழிலிருந்து பதினொன்று வரை அந்த ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நிற்பேன், அடுத்த ஞாயிறும் நிற்பேன். இந்த வருஷம் அம்பாரம் பெரிது, இன்னும் மூடவில்லை. ஆடி மேகத்தை நம்ப முடியாது, உனக்கே தெரியும். கறுத்தால் கறுக்கட்டும். உப்பு கரைந்தால் கரையட்டும்.

இந்த ஞாயிறு காவல்,
உன் அம்மா.